புரொஜெக்டரை அணைத்துவிட்டு ஒரு முட்டை கொண்டு வாருங்கள்

கேள்வி: சம்பா தொடங்கும் முன் விவசாயிகளுக்கு விதைத்தேர்வு, ஒற்றை நாற்று நடவு பற்றிப் பயிற்சி நடத்துகிறேன். வயதானவர்கள், நடவுக்குப் போகும் பெண்கள், கல்லூரி முடித்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே அறையில். ஸ்லைடு ஓடிய பத்தாவது நிமிடம் பாதிப் பேர் கண்ணயர்ந்துவிடுகிறார்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: ஸ்லைடை விடுங்கள். ஒரு வாளித் தண்ணீர், கல்லுப்பு, முட்டை, விதைநெல் போதும். உப்பைப் போட்டுக் கரைக்கக் கரைக்க, மூழ்கிக் கிடந்த முட்டை மேலே வந்து மிதக்கும். அப்போது நெல்லைக் கொட்டினால் பதர் மேலே, தரமான மணி அடியில். இதை நீங்கள் செய்யாதீர்கள், கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அம்மாவைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள், கொட்டுவதற்கு முன் 'எவ்வளவு மிதக்கும்?' என்று எல்லாரையும் கேளுங்கள், தான் சொன்னது சரியா என்று பார்க்கக் காத்திருப்பவருக்குத் தூக்கம் எங்கே வரும்? (அடியில் தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும், அதையும் அவர்கள் கையாலேயே.)

அப்புறம் வயலுக்குப் போங்கள். 14 நாள் நாற்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி என்று வாயால் சொன்னால் நிற்காது. முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்து நட்டுப் பார்க்கட்டும். படிக்கத் தெரியாதவர் கையில் இலை வண்ண அட்டையை (பச்சை நிறப் பட்டைகள் கொண்ட அட்டை) கொடுங்கள், பயிரின் இலையை அதோடு ஒப்பிட்டு, நிறம் பார்த்து யூரியா தேவையா என்று அவரே சொல்வார். பிள்ளைகள் போனில் படம் எடுக்கட்டும், வராதவர்களுக்கும் போய்ச் சேரும்.