கல் வாங்கப் போகிறீர்களா? கேள்வி-பதில்

கேள்வி: 'கிரானைட் மாதிரியே உறுதி' என்று சொல்லித் தந்த வெள்ளை மார்பிளைச் சமையல் மேடைக்குப் போட்டோம். எலுமிச்சைச் சாறு பட்ட இடமெல்லாம் மங்கிவிட்டது. எங்கள் தவறா?

பதில்: உங்கள் தவறு இல்லை, ஏமாற்றிவிட்டார்கள். மார்பிளில் பெரும்பகுதி கால்சைட் என்ற தாது. அமிலம் பட்டால் அரிக்கும். கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 3. கிரானைட்டிலுள்ள ஃபெல்ட்ஸ்பாருக்கு 6, குவார்ட்ஸுக்கு 7. சாதாரணக் கத்தியே மார்பிளைக் கீறிவிடும். மங்கலைப் பாலிஷ் போட்டு எடுக்கலாம். அதற்கு முன் ரசீதைப் பாருங்கள். அதில் கிரானைட் என்று இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: வெளிச்சுவரில் கட்டிய மணற்கல் செதில் செதிலாக உரிகிறது. அதே லோடில் வந்த கல் படிக்கட்டில் நன்றாக இருக்கிறது. கல் மட்டமா?

பதில்: கல்லைத் திட்டாதீர்கள், வைத்த விதத்தைப் பாருங்கள். மணல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதுதான் மணற்கல். அடுக்குகள் படுத்திருந்து பாரம் மேலிருந்து இறங்கினால் நன்றாகத் தாங்கும்; உங்கள் படிக்கட்டில் அப்படித்தான் இருக்கும். சுவரில் அடுக்குகளை நிமிர்த்தி, முகம் வெளியே தெரிய வைத்திருப்பார்கள். வெளி அடுக்குக்குப் பிடிமானம் கிடையாது. உள்ளே இறங்கும் நீரும் உப்பும் அதை நெட்டித் தள்ளும். சாய்வான அடுக்கு பாரம் தாங்குவதில் இன்னும் மோசம்: பாரத்தின் திசைக்கு ஏறக்குறைய 30 பாகையில் அடுக்கு இருந்தால், அதன் வழியே வழுக்கி உடையும். மணலை ஒட்டும் பொருளும் முக்கியம். சிலிக்கா என்றால் கல் உறுதி, களிமண் என்றால் ஈரத்தில் இளகும். இவ்வளவும் தெரிந்த குவாரிக்காரர்கள், கல்லின் பக்கவாட்டில் அடுக்குகள் ஓடும் திசையை ஒரு கோடு போட்டுக் குறித்து அனுப்பினால் என்ன? கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்கிறது. இனி வாங்கும்போது கல்லின் பக்கங்களை நனைத்துப் பாருங்கள், மெல்லிய வரிகள் தெரியும். இப்போதைக்கு, மோசமாக உரியும் கற்களை மட்டும் எடுத்துவிட்டு அடுக்கு படுக்கும்படி வேறு கல் வையுங்கள். மேலே பெயின்ட் பூசி மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

கேள்வி: நன்றாக மினுங்குகிறதே என்று வாங்கிய கல்லில் படி முனைகள் உதிர்கின்றன.

பதில்: மினுங்குவது மைக்கா. தாள் தாளாகப் பிரிவது அதன் பிறவிக்குணம். கிரானைட்டில் சிதறிக் கிடந்தால் பரவாயில்லை. ஷிஸ்ட் என்ற அடுக்குப் பாறையில் போல ஒரே வரிசையில் படிந்திருந்தால் அந்த வழியே பிளக்கும். மினுக்கைப் பார்த்த கண், ஓரத்தையும் பார்த்திருக்கலாம்.

கேள்வி: ஸ்லேட்டில் பொன்னிறப் புள்ளிகள். அதற்காகக் கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அது பைரைட் என்ற இரும்புத் தாதுவாக இருக்கும். ஈரக் காற்று பட்டால் பல நேரம் துருவாக வழியும். அதே புள்ளிக்கு மயங்கி நான் வாங்கியவை என் வீட்டுச் சுவரில் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டிருக்கின்றன.

கேள்வி: நீளமான கிரானைட் பலகையை இரண்டு முனைகளில் மட்டும் தாங்கி பெஞ்ச் போடலாமா? 'எவ்வளவு பாரமும் தாங்கும்' என்கிறார் விற்பவர்.

பதில்: நசுக்கினால் தாங்கும், பெரும்பாலும் 100 முதல் 250 மெகாபாஸ்கல் வரை (ஒரு மெகாபாஸ்கல் என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ பாரம்). பெஞ்சில் உட்கார்ந்தால் பலகையின் அடிப்பக்கம் இழுபடும். இழுவிசைக்குப் பத்தில் ஒரு பங்கு உறுதிகூடத் தேறாது. நடுவில் இன்னொரு கால் கொடுங்கள்.