சூடாகும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அடிக்கடி விழும் பிரேக்கரும்

வணக்கம். தையல் கடையில் இஸ்திரிப் பெட்டியும் தையல் இயந்திரங்களும் சேர்ந்து ஓடும்போது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாகிறது, 10 ஆம்பியர் பிரேக்கரும் (மின்னோட்டம் அளவை மீறினால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது, அதற்குப் பதிலாக 32 ஆம்பியர் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். பிரேக்கர் காப்பது சுவருக்குள் ஓடும் வயரைத்தான். வயரை மாற்றாமல் பிரேக்கரின் அளவை மட்டும் கூட்டினால், அது விழுவதற்கு முன்பே வயரின் உறை உருகிவிடக்கூடும்.

2000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். உங்கள் பாக்ஸோ 6 ஆம்பியருக்கானது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிளக்கும் தளர்வாக இருந்தால், தொடுமுனையில் மின்தடை கூடி அந்த ஓரிடத்திலேயே வெப்பம் குவியும். மின்னோட்டம் அதிகரிக்காததால் சாதாரண பிரேக்கருக்கு இது தெரியவே தெரியாது. பிளக்கின் முள் கருத்திருந்தால் அந்த பாக்ஸை இனிப் பயன்படுத்த வேண்டாம் (டேப் சுற்றி ஓட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன்). தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு, இஸ்திரிக்கென்று தனி வயரும் அதற்கேற்ற பிரேக்கரும் 16 ஆம்பியர் சாக்கெட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

துணித்தூசி எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால், சாக்கெட்டுகளைச் சுற்றி அது சேராமல் தினமும் கூட்டுங்கள். மின்சாரம் பாயும் பொருளில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை வாசலருகே மாட்டி வையுங்கள்.