அஞ்சு பேர், அஞ்சு ரசனை: எந்த ஆப்புக்குக் காசு கட்டலாம்?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாமியாருக்குக் காலையில் கந்த சஷ்டி கவசம், மத்தியானம் டி.எம்.எஸ்., சுசீலா. கணவருக்கு வண்டி ஓட்டும்போது எண்பதுகளின் இளையராஜா. காலேஜ் படிக்கும் மகளுக்கு அனிருத், அப்புறம் கொரியன் பாட்டு. எட்டாம் வகுப்புப் பையன் ஹெட்ஃபோனில் என்ன கேட்கிறான் என்றே தெரியவில்லை. நான் அடுப்படியில் எது ஓடினாலும் கேட்பேன். மகள் மட்டும் ஒரு தனிச் சந்தா வைத்திருக்கிறாள், அதையே எல்லோரும் போட்டுக் கேட்டு தினமும் சண்டை. குடும்பத்துக்கு எதை எடுப்பது?
— வாசகி, கரூர்

பதில்: சண்டைக்குக் காரணம் யாருடைய குணமும் இல்லை. தனிச் சந்தா என்பது ஒரு நேரத்தில் ஒரு இடத்தில் பாடுவதற்குத்தான். வீட்டில் மாமியார் கவசத்தைப் போட்டால் பஸ்ஸில் போகிற மகளுக்குப் பாட்டு நின்றுவிடும், அவள் திரும்பத் தட்டினால் இங்கே "காக்க காக்க"விலேயே கவசம் நிற்கும். இதைவிடப் பெரிய தொல்லை, ஒரே கணக்கில் எல்லோரும் கேட்டால் ஆப்புக்கே குழப்பம் வந்து மகளுக்குப் பக்திப் பாட்டும் மாமியாருக்குக் கொரியன் பாட்டும் பரிந்துரைக்க ஆரம்பிக்கும். அதனால் ஆளுக்கொரு கணக்கு கிடைக்கிற குடும்பத் திட்டம்தான் உங்களுக்குச் சரி.

எந்த ஆப் என்பதற்கு வருவோம். "எங்களிடம் பத்துக் கோடிப் பாட்டு" என்று பெரிய நிறுவனங்கள் எல்லாமே சொல்கின்றன, அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வேண்டியது சில நூறு பாட்டு, அவை இருக்கின்றனவா என்பதுதான் பேச்சு. ஒரு தாளை எடுத்து ஆளுக்கு ஐந்து பாட்டு எழுதச் சொல்லுங்கள். பாட்டின் பெயர் மட்டும் போதாது, யார் பாடியது என்பதும் வேண்டும். ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஜியோசாவன் மூன்றையும் இலவசமாக இறக்கித் தேடலாம். விளம்பரம் வரும், கட்டுப்பாடுகள் இருக்கும், ஆனால் பாட்டு இருக்கிறதா என்று பார்க்க அது போதும். ஆப்பிள் மியூசிக்கில் இலவசத் திட்டம் கிடையாது, புதிதாகச் சேருபவர்களுக்குத் தருகிற சோதனைக் காலத்தில்தான் பார்க்க முடியும்.

தேட ஆரம்பித்ததும் உங்களுக்கே புரியும். கந்த சஷ்டி கவசம் என்று போட்டால் வரிசையாக வந்து விழும், கீபோர்டு வைத்துப் பாடியது, வேகமாக ஓட்டியது, குழந்தைகள் பாடியது என்று. மாமியாருக்கு வேண்டியது அநேகமாகச் சூலமங்கலம் சகோதரிகள் பாடியதாக இருக்கும், வேறு எதைப் போட்டாலும் "இது அது இல்லையே" என்பார். அது கிடைத்ததும் இதயக் குறியைத் தட்டிச் சேமித்துவிடுங்கள், மறுபடி தேடவே கூடாது. பழைய சினிமாப் பாட்டுக்கும் இதே கதைதான். ஒரே பாட்டு படத்தின் ஆல்பத்தில் ஒன்று, "ஹிட்ஸ்" தொகுப்புகளில் நாலைந்து, நடுவில் வேறு யாரோ பாடிய பிரதி ஒன்று என்று கிடக்கும். 1965 பாட்டுக்குப் பக்கத்தில் தொகுப்பு வெளிவந்த வருடத்தைப் போட்டிருப்பார்கள், பாடகர் இடத்தில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும். ஆங்கில எழுத்தில் தேடும்போது ழகரத்துக்கும் நெடிலுக்கும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு என்பதால் ஒருமுறை கிடைக்காவிட்டால் இல்லை என்று விட்டுவிடாமல் எழுத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள். படத்தின் பெயரைப் போட்டுத் தேடுவது பல நேரம் சுலபம்.

இன்று இருக்கிற பாட்டு நாளைக்கும் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது, வந்த சில வாரங்களிலேயே சரிகமவோடு உரிமைத் தகராறு, டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய் அந்த நிறுவனத்தின் பாட்டுகளை எடுத்துவிட்டார்கள். சரிகம என்றால் அந்தக் கால எச்.எம்.வி., அதாவது மாமியாரின் பாட்டுகளில் பெரும்பகுதி. 2020-இல்தான் ஒப்பந்தமாகித் திரும்பி வந்தன. சில ஆப்புகள் கடையையே கட்டிவிட்டன. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் நின்றது, அதே வருடம் ஏர்டெல் தன் விங்க்கை மூடியது. கானா 2022-இல் இலவசத்தை நிறுத்திக் காசு கட்டுபவர்களுக்கு மட்டும் என்று ஆனது. அதனால் முதலிலேயே ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டாமல் ரெண்டு மூணு மாதம் மாதச் சந்தாவில் ஓட்டுங்கள்.

உங்கள் கடிதத்தை வைத்துச் சொன்னால் நான் யூடியூப் பிரீமியம் குடும்பத் திட்டத்தைத்தான் சொல்வேன். அதில் யூடியூப் மியூசிக்கும் சேர்ந்தே வருகிறது. எடுக்கிறவரோடு இன்னும் ஐந்து பேர், மொத்தம் ஆறு. மாமியார் டிவியில் பார்க்கிற கோயில் வீடியோவுக்கு நடுவே விளம்பரம் வராது என்பதே பாதிக் காசுக்கு ஈடு. கம்பெனிகள் வெளியிடாத கச்சேரிப் பதிவு, நாட்டுப்புறப் பாட்டு, யாரோ பழைய கேசட்டிலிருந்து ஏற்றியது என்று வேறு எந்த ஆப்பிலும் கிடைக்காதவை இங்கே கிடைக்கும். 2024 ஆகஸ்டில் விலையை ஏற்றினார்கள். தனிநபருக்கு மாதம் 129 ரூபாய் இருந்தது 149 ஆனது, குடும்பத்துக்கு 189 இருந்தது ஒரே தாவலில் 299. கணக்குப் போட்டால் ரெண்டு பேருக்கு லாபமே இல்லை, மூணாவது ஆளிலிருந்துதான் லாபம். ஐந்து பேருக்கு ஆளுக்கு 60 ரூபாய். கட்டும் முன் இன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஐபோன் இருந்தால் அதன் ஆப்புக்குள் கட்டாதீர்கள், அங்கே விலை கூடுதல், பிரவுசரில் யூடியூப் தளத்துக்குப் போய்க் கட்டுங்கள்.

குறையும் இருக்கிறது. பாட்டு என்று தட்டினால் சில நேரம் படத்தின் வீடியோ ஓடும், முதலில் அரை நிமிடம் வசனம் வரும். பையன் பார்க்கிற கேம் வீடியோ பாட்டெல்லாம் அவனுடைய பரிந்துரைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். குடும்பத் திட்டத்தில் சேர 13 வயது முடிந்திருக்க வேண்டும், உங்கள் பையன் எல்லைக்கோட்டில் இருப்பான், பிறந்த தேதியைப் பாருங்கள்.

மகள் ஸ்பாட்டிஃபையை விடமாட்டேன் என்பாள். அதில் அவள் கட்டிவைத்த பிளேலிஸ்ட்கள் இருக்கும், பிடிவாதத்தில் நியாயமும் இருக்கிறது, புதுப் பாட்டைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் அது கெட்டி. சவுண்ட்ஈஸ், டியூன் மை மியூசிக் போன்ற தளங்கள் பிளேலிஸ்ட்டை ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும், பெரும்பாலான பாட்டு வந்துவிடும், சில விட்டுப்போகும். ஸ்பாட்டிஃபையையே குடும்பத்துக்கு எடுக்கலாம் என்று தோன்றினால், 2025 கடைசியில் இந்தியாவில் அதன் திட்டங்கள் லைட், ஸ்டாண்டர்ட், பிளாட்டினம் என்று மாறியதைக் கவனியுங்கள். எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்று எண்ணிவிட்டுக் கட்டுங்கள். ஆப்பிள் மியூசிக்கிலும் ஆறு பேர் சேரலாம், ஆண்ட்ராய்டிலும் ஆப் உண்டு, ஆனால் ஆளுக்கொரு ஆப்பிள் கணக்கு தொடங்க வேண்டும், ஐபோன் இல்லாத வீட்டில் அது வீண் அலைச்சல்.

மாமியாருக்கு போனே பிடிக்காது என்றால் ஒன்று செய்யலாம். சரிகம 2017-இல் கொண்டுவந்த கார்வான் என்கிற ரேடியோ மாதிரியான பெட்டியில் தமிழும் உண்டு, 5000 பாட்டு உள்ளேயே ஏற்றியிருக்கும், சந்தாவும் இல்லை இன்டர்நெட்டும் வேண்டாம், குமிழைத் திருகினால் பாடும். வாயால் சொன்னால் பாடுகிற அலெக்சா ஸ்பீக்கர் வாங்கிக் கொடுப்பதானால் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள், ஜியோசாவன் மூன்றும் அதில் இணையும். அவர் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி அதை இணையுங்கள், மகள் கணக்கை இணைத்தால் பழைய சண்டை திரும்ப வந்துவிடும்.

கேள்வி: எனக்கு ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா. தையல் மெஷினில் உட்கார்ந்தால் எட்டு மணி நேரம் பாட்டு ஓடும். டேட்டா போதுமா?
— வாசகி, திருப்பூர்

பதில்: தரத்தைப் பொறுத்தது. 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) என்கிற உயர்ந்த தரத்தில் வைத்தால் மணிக்கு சுமார் 144 எம்பி, எட்டு மணி நேரத்துக்கு 1.15 ஜிபி. முக்கால்வாசி போய்விடும், வாட்ஸாப் வீடியோவுக்குக் கொஞ்சம்தான் மிச்சம். 96-இல் வைத்தால் மணிக்கு 43 எம்பி, எட்டு மணிக்கு 350 எம்பிக்குள் அடங்கும். மெஷின் சத்தத்துக்கு நடுவில் வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது, தாராளமாக 96-இல் வையுங்கள். செட்டிங்ஸில் ஆடியோ குவாலிட்டி என்று இருக்கும், மொபைல் டேட்டாவுக்குத் தனி, வைஃபைக்குத் தனி. சந்தா இருந்தால் வைஃபை கிடைக்கிற இடத்தில் பாட்டுகளை டவுன்லோடு செய்துகொண்டால் தைக்கும்போது டேட்டாவே ஓடாது. அந்த டவுன்லோடு அந்த ஆப்புக்குள் மட்டும்தான் பாடும், பென்டிரைவில் ஏற்ற முடியாது, 30 நாளுக்கு ஒருமுறையாவது நெட்டில் இணைக்க வேண்டும், சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும்.

யூடியூப் வீடியோவாகவே ஓடவிடுகிற பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். போனைக் கவிழ்த்து வைத்துக் கேட்டாலும் படத்துக்கும் சேர்த்துத்தான் டேட்டா போகிறது.

கேள்வி: பெண் துபாயில், பையன் பெங்களூரில். ஒரே குடும்பத் திட்டத்தில் எல்லோரையும் போடலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: பெண்ணை முடியாது. யூடியூப் குடும்பத் திட்டத்தில் எல்லோரும் ஒரே நாட்டில், ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆப்பிளில் எல்லோருடைய கணக்கும் ஒரே நாட்டுக் கணக்காக இருக்க வேண்டும். பையன் ஹாஸ்டலில் இருந்துகொண்டு உங்கள் வீட்டு முகவரியையே தன் முகவரியாக வைத்திருந்தால் அது வேறு, தனி வீடு எடுத்து வேலை பார்க்கிறான் என்றால் அவனும் விதிப்படி வெளியேதான். "யாருக்குத் தெரியப் போகிறது" என்று சேர்ப்பவர்கள் நிறைய, ஒருநாள் முகவரியைச் சரிபார்க்கச் சொல்லி வெளியே தள்ளினால் கேட்க நாதி இல்லை.

கேள்வி: ஒரு மாதம் இலவசம் என்று சேர்ந்தேன், ஆப்பை டெலிட் செய்துவிட்டேன். ஆனாலும் மாதாமாதம் காசு போகிறது!
— வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆப்பை அழித்தால் சந்தா அழியாது. சேரும்போதே ஆட்டோபேக்கு, அதாவது காசைத் தானாக எடுத்துக்கொள்ள, ஒப்புதல் கொடுத்திருப்பீர்கள். யுபிஐ வழியாக என்றால் உங்கள் ஜிபே, போன்பே எதுவோ அதில் ஆட்டோபே பகுதியைத் திறந்து அந்தப் பெயரைத் தேடி ரத்து செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால் அங்கே சந்தாக்கள் பகுதியில், ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தட்டினால் வரும். காசு எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, மெசேஜ் பெட்டியைக் கிளறினால் மாதாமாதம் வந்து கிடக்கும். இனி இலவச மாதத்தில் சேர்ந்தால் போனில் ஒரு நினைவூட்டல் போட்டுக்கொள்ளுங்கள், கடைசித் தேதிக்கு ரெண்டு நாள் முன்னதாக.

கேள்வி: லாஸ்லெஸ் இருந்தால்தான் இசை என்கிறான் பையன். உண்மையா?
— வாசகர், வேலூர்

பதில்: லாஸ்லெஸ் என்றால் ஒலிப்பதிவில் எதையும் இழக்காமல் தருகிற தரம். அதை எதில் கேட்கிறான் என்று கேளுங்கள். ப்ளூடூத் இயர்பட் என்றால் வழியிலேயே சுருங்கித்தான் காதுக்குப் போகும், லாஸ்லெஸுக்காகக் கூடுதல் காசு தண்டம். வயர் வைத்த நல்ல ஹெட்ஃபோன் வைத்திருக்கிறான் என்றால் ஆப்பிள் மியூசிக் 2021 முதல் அதைக் கூடுதல் கட்டணமில்லாமலே தருகிறது. அறுபதுகளின் பாட்டில் ஒலிப்பதிவே அவ்வளவுதான், லாஸ்லெஸில் கேட்டால் ஊசி கரகரப்பு கொஞ்சம் தெளிவாகக் கேட்கும்.

கேள்வி: ஓய்வூதியக்காரன், தனியாக இருக்கிறேன். எல்லோரும் சந்தா கட்டு என்கிறார்கள். கட்டத்தான் வேண்டுமா?
— வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் ஆப்பை இறக்குங்கள், காசில்லை. கோடைக்கானல் பண்பலை உட்பட அகில இந்திய வானொலியின் தமிழ் நிலையங்கள் அதில் வரும், பாட்டை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது என்பது மட்டும்தான். குறிப்பிட்ட பாட்டு வேண்டும்போது இலவச ஜியோசாவனில் தேடிக்கொள்ளலாம், நடுவில் விளம்பரம் வந்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.