கொரோனா ஊரடங்கில் திருநர் இளைஞர்கள் சிலர் தங்கள் பாலினத்தை உணர்ந்தது எப்படி?

ஆண், பெண், இரண்டிலும் சேராதவர் என ஒருவர் தன்னை உள்ளுக்குள் உணர்வதுதான் பாலின அடையாளம். பிறந்தபோது குறித்த பாலினத்தோடு அது ஒத்துப்போகாதவர்களைத் திருநர் என்கிறோம்.

2020 மார்ச்சில் பள்ளி, கல்லூரிகளை மூடியதும் சீருடை, ஆண்-பெண் வரிசை, வகுப்புக் கேலி எல்லாம் நின்றன. மின்விசிறியை நிறுத்தினால்தானே கடிகாரத்தின் டிக் டிக் காதில் விழும்? அதுபோல, ஏற்கெனவே இருந்த உணர்வு சிலருக்குத் தெளிவானது. பிடித்த பெயரில் இணையத்தில் பேசிப் பார்க்கவும் முடிந்தது.

எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. ஏற்காத குடும்பத்தோடு நாள் முழுக்க ஒரே வீட்டில், முடி வளர்த்தாலே திட்டு, மனம்விட்டுப் பேச நண்பர்களும் அருகில் இல்லை. உணரும் பாலினத்துக்கு ஏற்ப உடலை மாற்ற எடுக்கும் ஹார்மோன் சிகிச்சை தடைப்பட்டவர்களும் உண்டு. அதிகம் பேச வேண்டியது இந்தப் பக்கத்தைத்தான்.

அப்புறம், திருநராக இருப்பதை "அடைந்து கிடந்ததால் வந்த மனநோய்" என்பது தவறு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியல் இதை மனநோய்ப் பிரிவிலேயே வைக்கவில்லை.