“மன்னிப்புக் கேட்டு முடிக்கவே முடியவில்லை” – மாங்காய் மண்டியிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வயது 38. கணவர் கொத்தனார். பையன் பத்தாவது, பெண் ஏழாவது. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு சின்ன சபைக்குப் போகிறோம்.

சீசன் வந்துவிட்டால் எங்களுக்கு வீடு மறந்துபோகும். டிராக்டரிலும் டெம்போவிலும் பெங்களூரா காய் வந்துகொண்டே இருக்கும். எடைமேடையில் வண்டியை ஏற்றி, காலி வண்டி எடையைக் கழித்து, நான்தான் கம்ப்யூட்டரில் சீட்டுப் போடுவேன். அழுகல், அடிபட்ட காய்க்கு என்று டன்னுக்கு இவ்வளவு கழிவு பிடிப்போம். அது விவசாயிக்கும் தெரியும். ஆனால் மூன்று வருஷமாக முதலாளி அதற்கு மேலும் டன்னுக்கு இருபது கிலோ குறைத்து அடிக்கச் சொல்கிறார். அது சீட்டில் தெரியாது. திரை என் பக்கம்தான் திரும்பியிருக்கிறது.

போன சீசனில் விலை விழுந்து, பறிகூலிக்கே காணாது என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்த நேரம். என் அம்மா ஊர்ப் பெரியவர் ஒருவர் லோடு கொண்டு வந்தார். “நீ ஏசு சாமி கும்பிடற பொண்ணு, உன் கையில கணக்கு தப்பாதுன்னுதான் வேற மண்டிக்குப் போவாம இங்க வந்தேன்” என்றார். சீட்டைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. நாலாக மடித்து வெற்றிலைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் குறைத்துத்தான் அடித்திருந்தேன்.

அன்றிலிருந்து தூக்கம் இல்லை. ராத்திரி எழுந்து ஜெபம் பண்ணுவேன். நடுவில் வேறு நினைப்பு வந்துவிட்டால் அந்த ஜெபம் சேராது என்று தோன்றும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பேன். இரண்டு மணி நேரம்கூட ஆகிவிடுகிறது. “கர்த்தர் என்னை மன்னிச்சிட்டாரா, சொல்லுங்க” என்று வீட்டுக்காரரை எழுப்பிக் கேட்கிறேன். மன்னித்துவிட்டார் என்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்கத் தோன்றும். நாலு மாதமாகச் சபையில் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து எடுக்கவில்லை.

ஆயுத பூஜை அன்று முதலாளி வீட்டு அக்கா எல்லோருக்கும் பொரி கடலை கொடுத்தார். “சாமிக்குப் படைச்சது எனக்கு வேணாம்” என்று மண்டியில் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அந்த அக்கா முகம் வாடிப்போனார். பையன் போனில் சினிமாப் பாட்டு கேட்டான் என்று அடித்தேன். என் வீட்டில் பாவம் இருக்கக் கூடாது என்ற வெறி மாதிரி இருக்கிறது.

முதலாளி கெட்டவர் இல்லை. வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்தபோது நாற்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தார். பாதிதான் அடைத்திருக்கிறேன். சபையில் ஒரு மூப்பர், “எல்லா மண்டியிலும் அப்படித்தான், ஜெபம் பண்ணிட்டு வேலையைப் பாருங்க” என்கிறார். ஒரு சகோதரி, “விசுவாசத்தோட வேலையை விட்டு வெளியே வா, கர்த்தர் பார்த்துக்குவார்” என்கிறார்.

வேலையை விட்டால்தான் மன்னிப்பா? இந்தச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகச் சபைக்குக் கொடுக்கலாமா? எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?

– பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பைத்தியம் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று தொடங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. பொரிக்காகச் சத்தம் போட்டிருக்கிறீர்கள். சினிமாப் பாட்டுக்காகப் பையனை அடித்திருக்கிறீர்கள். ஜெபத்தில் நினைப்பு ஓடியதற்காக உங்களையே பாதி ராத்திரி வரை தண்டித்துக்கொள்கிறீர்கள். அந்த இருபது கிலோவைப் பற்றி மூப்பரிடமும் சகோதரியிடமும் பேசியிருக்கிறீர்கள், இப்போது என்னிடமும். முதலாளியிடம் மட்டும் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பேச முடியாத இடத்தில் பிறக்கிற குற்ற உணர்வு, பேச முடிகிற இடத்தில் போய் இறங்கும். மகனை அதட்ட முடியும், முதலாளியை முடியாது. கடன் வேறு இருக்கிறது. எது சரி என்று தெரிந்தும், பிழைப்பும் அதிகாரமும் அதைச் செய்ய விடாமல் தடுக்கிறபோது வருகிற இந்த வேதனையை ஆண்ட்ரூ ஜேமெட்டன் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1984இல் மருத்துவமனைச் செவிலியர்களை வைத்து விளக்கினார். இன்றைக்கு வங்கி ஊழியர், ஆசிரியர், போலீஸ்காரர் என்று பலரிடமும் இதைப் பார்க்கிறோம். மனநலத் துறை இதை நோய் என்று சொல்வதில்லை. ஆகவே உங்கள் மனசாட்சியைக் குணப்படுத்த நான் முயலப்போவதில்லை. அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. டன்னுக்கு இருபது கிலோ என்றால் மூன்று டன் லோடில் அறுபது கிலோ. கிலோ ஐந்து ரூபாய் என்றாலும் முந்நூறு ரூபாய். விலை விழுந்த வருஷத்தில் அந்தப் பெரியவருக்கு அது சின்னக் காசு இல்லை. “எல்லா மண்டியிலும் அப்படித்தான்” என்கிற மூப்பரின் ஆறுதல் உங்களிடம் எடுபடாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அதே சமயம் அந்தச் சகோதரி சொல்வதையும் உடனே ஏற்க வேண்டாம். நான் போதகர் இல்லை. ஆனாலும் லூக்கா மூன்றாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். யோவான்ஸ்நானனிடம் ஆயக்காரர்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். ஊரே வெறுத்த வரி வசூல் வேலை அது. வேலையை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. உங்களுக்குக் கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதீர்கள் என்றார். உங்கள் நிலைமைக்கு இதைவிட நெருக்கமான வசனம் எனக்குத் தெரியவில்லை. வேலையை விடுவது ஒரு நாள் வேகத்தில் செய்துவிடக்கூடியது. அதே நாற்காலியில் உட்கார்ந்து “இதை அடிக்க மாட்டேன்” என்று சொல்வதுதான் சிரமம்.

அதை எப்படிச் சொல்வது? இப்போது மரங்கள் பூத்துத்தான் இருக்கின்றன. காய் வர இன்னும் மாதங்கள் இருக்கின்றன. நல்ல நேரம் இது. சீசன் நடுவில் லோடு வரிசையில் நிற்கும்போது பேசினால் சண்டையாகத்தான் முடியும். ஒரு மாலையில் அவர் ஓய்வாக இருக்கும்போது போங்கள். வசனம் எடுக்காதீர்கள், பாவம் என்ற வார்த்தையும் வேண்டாம். அவர் அதைத் தன் மேல் வைத்த தீர்ப்பாக எடுத்துக்கொள்வார். “அண்ணா, கழிவு எவ்வளவோ அதை வெளிப்படையா சீட்டுலயே போட்டுடலாம். அதுக்கு மேல குறைச்சு அடிக்கிறது என்னால முடியலை, ராத்திரி தூக்கம் வரலை. மத்த எந்த வேலைன்னாலும் சொல்லுங்க, செய்யறேன்.” இவ்வளவு போதும். உங்கள் கணவரை முதலாளியாக உட்கார வைத்து நாலைந்து தடவை சொல்லிப் பழகுங்கள். சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை.

அவருக்கும் ஒரு பக்கம் இருக்கலாம். காயை வாங்குகிற மாங்கூழ் கம்பெனி அவரிடம் தரம் பார்த்துக் கழிக்கும். அந்த நஷ்டத்தை அவர் விவசாயி தலையில் கட்டுகிறாரோ என்னவோ. அப்படியானால் மொத்த எடை, காலி வண்டி எடை, நிகர எடை, கழிவு என்று நாலும் தெரிகிற சீட்டு அவருக்கும் நல்லதுதான். சீட்டை நம்பி வருகிற விவசாயி அடுத்த சீசனிலும் வருவார். எடையில் ஏமாற்றுவது சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன்படி குற்றம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதிகாரிகள் இதைப் பார்க்கிறார்கள். இதை அவரை மிரட்டச் சொல்லவில்லை. சோதனை என்று ஒன்று வந்தால் சீட்டுப் போட்ட கையும் கேள்விக்குள் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் மறுத்தால்? அந்தச் சாத்தியத்தை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல மாட்டேன். அதனால் பேசுவதற்கு முன்பே வேறு இடம் தேடத் தொடங்குங்கள். ஓசூர் கம்பெனிகளின் பஸ் உங்கள் பக்கமெல்லாம் வருகிறது, ஆனால் அங்கே பெரும்பாலும் இளம் பெண்களைத்தான் எடுக்கிறார்கள். கணக்கு தெரிந்த உங்களுக்கு ஆடிட்டர் ஆபீஸ், பெட்ரோல் பங்க், அரிசி மில் சரிப்படும். சம்பளம் கொஞ்சம் குறையலாம். மீதிக் கடனை மாதாமாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் செய்தது பெரிய உதவி, நன்றி வேண்டும். அந்த நன்றியை இன்னொருவர் மாங்காயில் கட்ட முடியாது.

பெரியவர் விஷயம். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழ வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அந்த அழுகையில் உங்களுக்குக் கொஞ்சம் பாரம் குறையும், அவருக்கு முந்நூறு ரூபாயும் திரும்பாது, ஊரில் ஒரு சண்டை மிஞ்சும். பைபிளில் வருகிற ஆயக்காரன் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பிக் கொடுத்தான் என்பது உங்கள் மனதில் ஓடும். அவன் வாங்கியது அவன் பையில் இருந்தது. உங்களிடம் இருப்பது சம்பளம் மட்டும்தான். முடிந்தால் அந்த ஒருவருடைய தொகையை என்றைக்காவது அவர் கையில் கொடுங்கள், காரணத்தையும் அன்றைக்குச் சொல்லுங்கள். அதற்கு முன், அடுத்த லோடுக்கு வெளியே ஒரு எடைமேடையில் போட்டுச் சீட்டோடு வரச் சொல்லுங்கள். எந்த விவசாயிக்கும் சொல்லலாம் இதை.

பொரியைப் பற்றி. படையல் சாப்பிடலாமா கூடாதா என்பதில் சபைக்குச் சபை நிலைப்பாடு வேறு. நான் அதற்குள் வரவில்லை. “எங்க வழக்கத்துல இல்லக்கா” என்று சிரித்துச் சொல்லியிருந்தாலும் உங்கள் விசுவாசத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த அக்காவிடம் போய், அன்றைக்குக் கத்தியதற்கு வருத்தம் சொல்லிவிட்டு வாருங்கள். பையனிடமும்தான்.

இனி, கவனிக்க வேண்டியது என்று முதலில் சொன்னேனே, அது. ஜெபத்தைத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பது, மன்னிப்பு கிடைத்ததா என்று கணவரைக் கேட்டுக்கொண்டே இருப்பது, இவை பக்தியின் ஆழத்தால் வருவதில்லை. மதம் சார்ந்து வருகிற எண்ணச் சுழற்சி நோயின் (ஓ.சி.டி.) அடையாளம் இப்படித்தான் இருக்கும். புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு வழி திறந்த மார்ட்டின் லூதரே மடத்தில் இருந்த காலத்தில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்தவர். வெளியே வந்ததும் விட்டுப்போனது ஒன்று ஞாபகம் வரும். அவருடைய ஆன்மிக வழிகாட்டி ஷ்டௌபிட்ஸ் சலித்துப்போனார் என்பார்கள். கேட்கக் கேட்க நிம்மதி வந்து, உடனே போய்விடும். அடுத்த தடவை இன்னும் அதிகமாகக் கேட்கத் தோன்றும். சுழற்சி அப்படித்தான் வளர்கிறது.

ஆகவே இன்று முதல் ஜெபம் ஒரு தடவை. நடுவில் நினைப்பு ஓடினால் ஓடட்டும், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், ஆமென் சொன்னதும் எழுந்துவிடுங்கள். பதைப்பு வரும். அதை ஒன்றும் செய்யாமல் விட்டால் தானாக இறங்கும். அது இறங்குவதை நீங்களே பார்க்க வேண்டும். சிகிச்சையின் பாதி இதுதான். கணவரிடமும் சொல்லிவையுங்கள்: கேட்டால் “இதுக்குப் பதில் சொல்ல வேண்டாம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க” என்று திரும்பிப் படுத்துக்கொள்ளட்டும். அன்பு குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போகிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது, உங்களுக்குப் போகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மாத்திரை எழுதினால் சாப்பிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உங்கள் சபையிலேயே இருப்பார்கள், அவர்களை யாரும் அவிசுவாசி என்பதில்லை.

தசமபாகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திருவிருந்தைப் போலவே அதுவும் பாஸ்டரிடம் கேட்க வேண்டியது. கேட்கும்போது டன்னுக்கு இருபது கிலோ கணக்கையும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.