லூகரா, பி-38ஆ? 1,500 டாலருக்கு ஒரு பழைய பிஸ்டல் வாங்கும் முன்

கேள்வி: நான் ஹூஸ்டன் அருகே குடும்பத்தோடு இருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் குடியுரிமை கிடைத்தது. கையில் ஒரு 1911 வகை .45 பிஸ்டலும், ரூகர் .22 பிஸ்டலும் இருக்கின்றன. மூன்றாவதாக, வரலாறு உள்ள ஒரு செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் சேர்க்க ஆசை. கையில் 1,500 டாலர் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் 1917-ஆம் வருட ஜெர்மன் லூகரை 1,400-க்குத் தருகிறார். எல்லா எண்களும் ஒத்துப்போகிறதாம், புதுசு போலப் பளபளக்கிறது. வாங்கலாமா, அல்லது வால்தர் பி-38 நல்லதா? வருடத்துக்கு இரண்டு மூன்று முறை சுட்டும் பார்ப்பேன். ஜனவரியில் அப்பா ஊரிலிருந்து வருகிறார். இந்திய ராணுவத்தில் இருந்தவர், "எங்க 9 எம்.எம். பிஸ்டல்" என்று இன்னமும் பேசுவார். அவர் கையிலும் கொடுத்துப் பார்க்க ஆசை.

பதில்: முதலில் அந்த லூகர். பணம் கொடுக்கும் முன் பகல் வெளிச்சத்தில் அதை ஒருமுறை பாருங்கள். நூறு வயது தாண்டிய ராணுவப் பிஸ்டல் புதுசு போலப் பளபளத்தால் சந்தோஷப்படாதீர்கள். முதலில் சந்தேகப்படுங்கள்.

முதல் உலகப் போர்க்கால லூகரில் விசை, பாதுகாப்பு நெம்புகோல், பக்கத்தில் இருக்கும் கழற்றும் நெம்புகோல், தோட்டா உறையைத் தட்டித் தள்ளும் சிறு பாகம் ஆகியவை கருநீலமாக இருக்காது. வைக்கோல் நிறத்தில், பழுப்பு மஞ்சளாக இருக்கும். சூடேற்றிப் பதமாக்கியதில் வந்த நிறம் அது. நீங்கள் பார்த்த துப்பாக்கியில் அவையும் மற்ற உடம்பைப் போலவே கறுப்பாக இருந்தால், யாரோ பிற்காலத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பாலிஷ் போட்டு எஃகுக்கு இடும் நீலப் பூச்சை மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். இன்னொரு சோதனையும் உண்டு. எழுத்துகளின் ஓரத்தையும் ஓட்டைகளின் விளிம்பையும் விரலால் தடவுங்கள். கூர்மை போய் வழவழவென்று குழிந்திருந்தால் பாலிஷ் சக்கரம் அங்கே போயிருக்கிறது. துருக் குழிகளுக்கு உள்ளேயும் நீலம் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

எண்கள் ஒத்துப்போவது உண்மையாகவே இருக்கலாம். துப்பாக்கியின் அடிச்சட்டமான ஃபிரேமின் முன்பக்கம், குழல், அதன் பின்னால் இருக்கும் ரிசீவர் மூன்றிலும் முழு எண் இருக்கும், சிறு பாகங்களில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும். ஆனால் பூச்சு போன லூகருக்கு ஒத்த எண்கள் இருந்தும் சேகரிப்பாளர் பாதி விலைதான் சொல்வார். அசல் பூச்சோடு, எண்கள் ஒத்த லூகர் 2,000 டாலருக்கு மேல் போகும் பொருள். அதை ஒருவர் 1,400-க்குத் தருகிறார் என்றால் காரணம் கேட்க வேண்டும். என் முதல் லூகரை நான் இப்படித்தான் வாங்கினேன். அசல் என்று சொல்லித்தான் விற்றார்கள். விசை கறுப்பாக இருந்ததற்கு என்ன அர்த்தம் என்று வாங்கி ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. விற்கப் போனபோது கொடுத்ததில் பாதிகூட வரவில்லை. அந்த வருத்தம் உங்களுக்கு வர வேண்டாம் என்பதால்தான் இத்தனை விரிவாகச் சொல்கிறேன்.

சுட்டுப் பார்ப்பதற்கும் லூகர் அவ்வளவு ஏற்றதல்ல. முழங்கால் மாதிரி மேலே மடங்கும் அந்த டாகிள் அமைப்பு அழகுதான், ஆனால் தோட்டாவின் வலு சரியாக அமையாவிட்டால் திணறும். ஒத்த எண் உள்ள துப்பாக்கியில் ஒரு சிறு பாகம் உடைந்தால், மாற்றும் பாகத்தில் வேறு எண் இருக்கும், அன்றோடு அதன் மதிப்பு இறங்கும். இன்னொன்று, விசையிலிருந்து சுடும் ஊசிக்குப் போகும் சட்டம் வெளிப்பக்கம் இருக்கிறது. மேல்பாகத்தை ஃபிரேமிலிருந்து கழற்றிய பிறகும், குழல் அறையில் தோட்டா இருந்து அந்தச் சட்டம் அழுந்தினால் வெடிக்கும். குழல் அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்க்காமல் லூகரைக் கழற்றவே கூடாது.

பி-38 பற்றிக் கேட்டீர்கள். நல்ல பிஸ்டல். முதல் தோட்டாவுக்கு விசையை நீளமாக இழுத்தால் போதும், சுத்தியைக் கையால் ஏற்ற வேண்டியதில்லை. அந்த ஏற்பாட்டோடு ஒரு பெரிய ராணுவம் ஏற்ற முதல் 9 எம்.எம். பிஸ்டல் என்று சொல்லலாம். போர்க்காலத்தில் மூன்று ஆலைகள் செய்தன. சுடும்போது பின்னுக்கு நகரும் மேல்பாகமான ஸ்லைடில் ஏ.சி. என்றால் வால்தர், பி.ஒய்.எஃப். என்றால் மௌசர், சி.ஒய்.கியூ. என்றால் ஸ்பிரீவெர்க். முதல் இரண்டிலும் பக்கத்திலேயே வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். உங்கள் தொகைக்குள் அசல் பூச்சோடு ஒன்று கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் சோவியத் படை கைப்பற்றி, பிரித்துக் கலந்து, மறுபடி நீலமேற்றி அடுக்கி வைத்த பிஸ்டல்களும் நிறைய வந்திருக்கின்றன. ஸ்லைடில் மின்பேனாவால் கிறுக்கியதுபோல எண் எழுதியிருந்தால் அந்த வகை. சுடுவதற்கு அவை நல்லவை, விலையும் குறைவு. அசல் விலைக்கு மட்டும் வாங்கிவிடாதீர்கள். எந்தப் பி-38 ஆனாலும், உள்ளே தோட்டா இருக்கும்போது பாதுகாப்பு நெம்புகோலைத் தட்டிச் சுத்தியை விழ வைக்காதீர்கள். எண்பது வருடம் தேய்ந்த பாகத்தை அந்த அளவுக்கு நம்ப முடியாது.

ஒன்றை மனதில் வைத்து முடிவெடுங்கள். போர்க்காலப் பி-38-இல் நாஜி அரசின் கழுகும் கொக்கிச் சிலுவையும் பொறித்திருக்கும். அதை வரலாற்றுச் சான்றாக வைத்திருப்பவர்கள் பலர், தவறில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் நண்பர் ஒருவருக்கு அது வெறும் சான்றாக இருக்காது. அதையும் எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது லூகரோ பி-38ஓ அல்ல, அப்பா பற்றி எழுதிய அந்த வரிதான். அவர் சொல்லும் "9 எம்.எம். பிஸ்டல்" பெரும்பாலும் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்த 1ஏ. அது பிரௌனிங் ஹை-பவரின் பிரதி, கனடாவின் இங்கிலிஸ் நிறுவனம் செய்த மாதிரியை ஒட்டியது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் 1911-ஐ வடிவமைத்த ஜான் பிரௌனிங் கடைசியாக வேலை செய்துகொண்டிருந்த பிஸ்டல் ஹை-பவர்தான். அவர் 1926-இல் பெல்ஜியத்தில் எஃப்.என். என்ற துப்பாக்கி நிறுவனத்தின் ஆலையில் வேலையில் இருந்தபோதே இறந்துபோனார். அங்கிருந்த தியூடோனே செவ் அதை முடித்து 1935-இல் வெளியே கொண்டுவந்தார். தோட்டாக்களை அடுக்கும் இரட்டை வரிசை மேகசினில் 13 தோட்டா. அந்தக் காலத்துக்கு அது பெரிய எண்ணிக்கை. உங்கள் 1911-இல் ஏழுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழற்றிப் பாருங்கள். 1911-இல் குழலைக் கீழே இறக்க ஊஞ்சல் மாதிரி ஆடும் ஒரு சிறு இணைப்பு இருக்கும். ஹை-பவரில் அது இல்லை, குழலின் அடியிலேயே வெட்டிய ஒரு சரிவு அந்த வேலையைச் செய்கிறது. பிறகு வந்த பிஸ்டல்களில் பெரும்பாலானவை இந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டன. உங்கள் சேகரிப்பில் 1911-க்குப் பக்கத்தில் வைக்க இதைவிடப் பொருத்தமான துப்பாக்கி எனக்குத் தோன்றவில்லை.

இஷாப்பூர் பிஸ்டலே வேண்டும் என்றால் சிரமம். இத்தனை வருடத்தில் இங்கே விற்பனைக்கு நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அதற்கு நெருங்கிய சொந்தம் 1944, 45-இல் டொரொன்டோவில் செய்த இங்கிலிஸ். அதன் சீரியல் எண்ணின் நடுவில் சி.ஹெச். என்றிருந்தால் சீனாவுக்காகச் செய்தது, டி என்றிருந்தால் கனடா, பிரிட்டன் படைகளுக்கானது. அப்பாவுடைய பிஸ்டலுக்குக் கிட்ட வருவது குறிபார்க்கும் பின் குறி நகராமல் நிலையாக இருக்கும் டி வகை. சீன வகையில் பின் குறி தூரத்துக்கு ஏற்ப நகரும், பிடியின் பின்னால் மரக்கட்டை மாட்ட ஒரு பள்ளமும் இருக்கும். கட்டையோடு வந்தால் ஆசைப்பட்டு உடனே மாட்டிவிடாதீர்கள். பிஸ்டலில் தோள்கட்டை மாட்டினால் கூட்டரசுச் சட்டத்தில் அது வேறு வகை ஆயுதம். சில அசல் ஜோடிகளுக்கு மட்டும், துப்பாக்கிகளைக் கவனிக்கும் கூட்டரசு அமைப்பான ஏ.டி.எஃப். வைத்திருக்கும் பட்டியலில் விலக்கு உண்டு.

நல்ல இங்கிலிஸ் உங்கள் தொகையைக் கொஞ்சம் தாண்டலாம். அப்படியானால் 1960-களில் பெல்ஜியத்தில் செய்து, அமெரிக்காவில் பிரௌனிங் பெயரில் விற்ற ஹை-பவரைத் தேடுங்கள். என் பரிந்துரை இதுதான். அந்த நீலப் பூச்சும் பாகங்கள் பொருந்தியிருக்கும் நயமும் கையில் எடுத்தால்தான் புரியும். உங்கள் தொகைக்குள் கிடைக்கும், சுடவும் தெம்பாக இருக்கும். போர்க்காலத்தில் ஜெர்மானியர் எஃப்.என். ஆலையைப் பிடித்து வைத்திருந்தபோது செய்தவை வேறு கதை. கழுகுக்குக் கீழே 613 என்ற எண் இருந்தால் தொடக்க காலத்தது, 140 இருந்தால் பின்னால் வந்தது. போர் முடியும் தறுவாயில் அவசரத்தில் செய்தவற்றின் எஃகுப் பதத்தை நான் நம்புவதில்லை, அவற்றைச் சுடச் சொல்லமாட்டேன்.

ஹை-பவரின் குறைகளும் தெரிந்திருக்க வேண்டும். மேகசினை எடுத்தால் விசை வேலை செய்யாதபடி உள்ளே ஓர் ஏற்பாடு உண்டு, அதனால் விசை இழுப்பு உங்கள் 1911 போலச் சுத்தமாக இருக்காது. அதைக் கழற்றி எறிந்தவர்கள் நிறையப் பேர். நீங்கள் வாங்கும் துப்பாக்கியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அதை நம்பி அறையைப் பார்க்காமல் விடாதீர்கள். பெரிய கை உள்ளவர்களுக்குச் சுத்தி பின்னால் வரும்போது கட்டைவிரல் இடுக்கில் கடிக்கும். தோட்டா சாதாரண 9 எம்.எம்., குண்டின் எடை 115 அல்லது 124 கிரெயின், குண்டு முழுக்க உலோக உறையிட்டது போதும். அதிக அழுத்தத் தோட்டா வேண்டாம். சுடும் நாட்களுக்கு ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் ஒன்று புதிதாக வாங்கிப் போட்டு, அசலை எண்ணெய் தடவிப் பையில் பத்திரப்படுத்துங்கள். அசல் மேகசினையும் அப்படியே. சுடுவதற்கு மெக்-கார் நிறுவனத்தின் மேகசின் நன்றாக இருக்கும். நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, நியூயார்க் வாசகர்கள் கவனிக்க: அங்கே பத்துக்கு மேல் கொள்ளும் மேகசினுக்குத் தடை இருப்பதால் இந்த 13 அப்படியே பொருந்தாது. டெக்சாஸில் அந்தச் சிக்கல் இல்லை.

சரி, எப்படி வாங்குவது? சேகரிப்பு தொடரும் என்று நினைத்தால் சேகரிப்பாளர் உரிமம் எடுத்துவிடுங்கள். ஏ.டி.எஃப். தரும் மூன்றாம் வகை உரிமம், மூன்று வருடத்துக்கு 30 டாலர். 50 வருடம் தாண்டி, அசல் வடிவில் இருக்கும் துப்பாக்கியை வேறு மாநிலத்திலிருந்தும் நேரடியாக வாங்கலாம், வீட்டுக்கே வரவழைக்கலாம். உரிமம் இல்லாதவர் வேறு மாநிலத்தில் கைத்துப்பாக்கி வாங்கினால், அது தன் மாநில டீலர் வழியாகத்தான் கைக்கு வர வேண்டும். ஓக்லஹோமாவின் டல்சாவில் வருடம் இரண்டு முறை நடக்கும் பெரிய ஆயுதக் கண்காட்சிக்கு உங்கள் ஊரிலிருந்து காரில் எட்டு மணி நேரம்தான். அங்கே பத்து ஹை-பவரை வரிசையாகப் பார்த்தால் எது அசல் பூச்சு என்று கண் தானே பழகிவிடும். உரிமம் வந்த பிறகு, வாங்கியதையும் விற்றதையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பது சட்டக் கடமை. விற்று லாபம் பார்ப்பதற்கு அந்த உரிமம் இல்லை.

அப்புறம் அப்பா விஷயம். அவர் சுற்றுலா விசாவில் வருகிறார் என்றே நினைக்கிறேன். கூட்டரசுச் சட்டப்படி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கக் கூடாது. மகன் பக்கத்தில் நிற்பதால் அது மாறாது. எச்1-பி-யில் இருக்கும் நண்பர்களுக்கும் இதே சட்டம்தான். இதைத் தெரியாமல் சுடும் பயிற்சி இடமான ரேஞ்சில் கையில் வாங்கிப் படமெடுத்துப் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். விலக்கு ஒன்று இருக்கிறது: அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் தடை பொருந்தாது. டெக்சாஸ் வெளியூர்க்காரர்களுக்கும் வேட்டை உரிமம் விற்கிறது. 1971 செப்டம்பர் 2-க்கு முன் பிறந்தவருக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றும் கேட்பதில்லை. அப்பா வந்ததும் முதல் வேலையாக அதை அவர் பெயரில் எடுத்து, தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போங்கள். அந்த ரேஞ்சின் விதியையும் முன்னாலேயே கேட்டு வையுங்கள். அவர் ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் ஒரு தோட்டா, ஒரு காலி உறைகூடப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 9 எம்.எம். சாதாரண மக்களுக்குத் தடை செய்த அளவு. விமான நிலையத்தில் ஒற்றைத் தோட்டாவுக்கே வழக்கு வரும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் பெட்டகம் கட்டாயம். 17 வயதுக்குட்பட்ட பிள்ளை கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை விட்டு வைப்பது டெக்சாஸில் குற்றம். பெட்டகத்துக்குள் துப்பாக்கியைத் தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், ஹூஸ்டன் காற்றில் ஒரு கோடையிலேயே நீலத்துக்கு அடியில் துரு கிளம்பிவிடும். உறை தனியாக, துப்பாக்கி தனியாக இருக்கட்டும். பெட்டகத்தின் அடியில் காற்றை லேசாகச் சூடாக்கி ஈரத்தைக் குறைக்கும் சூட்டுக்கம்பி ஒன்று போட்டு, ஈரப்பதத்தை 50 சதவீதம் அளவில் வையுங்கள். கையில் எடுத்த ஒவ்வொரு முறையும் வேர்வையைத் துடைத்து மெல்லிசாக எண்ணெய் தடவுங்கள். துருப் புள்ளி தெரிந்தால் உப்புத்தாள் எடுக்காதீர்கள், எண்ணெயில் ஊறவிட்டுத் துணியால் துடைத்தால் போதும்.

எந்த ஹை-பவர் கண்ணில் பட்டாலும் பணம் கொடுக்கும் முன் சீரியல் எண், ஸ்லைடின் இரண்டு பக்கம், சுத்தி, குழலின் வாய் ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்புங்கள். எந்த வருடத்தது, பூச்சு அசல்தானா என்று பார்த்துச் சொல்கிறேன்.