வெள்ளைப் பாட்டிலும் டியூப் லைட்டும்

வைன் கெட்டுப்போனால் நம் மாவட்டத்தில் பழி முதலில் சூட்டின் மேல் விழும், மிஞ்சினால் உப்புக்காற்றின் மேல். வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு இரண்டுமே காரணமில்லை, வெளிச்சம்தான்.

மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த ரோஸ் வைனை ஹாலில் ஷோகேஸில் வைத்திருந்தோம். ஏசி அறை, வெயிலே படாது. கிறிஸ்துமஸுக்குத் திறந்தால் முட்டைக்கோஸ் வேகவைத்த தண்ணீர் போல நாறுகிறது. மூடியும் சரியாகத்தான் இருந்தது. என்ன நடந்திருக்கும்? (குளச்சல்)

ஷோகேஸுக்குள் டியூப் லைட் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

வைனில் ரைபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின், மிகச் சிறிய அளவில் உண்டு. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் சிறுநீர் பளீர் மஞ்சளாகப் போகிறதே, அந்தச் சரக்குதான். மஞ்சளாகத் தெரிகிற பொருள் நீல ஒளியை விழுங்குகிறது என்று அர்த்தம். ரைபோஃப்ளேவின் முக்கியமாக இரண்டு இடங்களில் ஒளியை உறிஞ்சும்: ஒளியின் அலைநீளக் கணக்கில் 370 நானோமீட்டர் அருகே, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவில் ஒன்று, 445 அருகே, கண்ணுக்குத் தெரியும் நீலத்தில் இன்னொன்று. அப்படி உறிஞ்சிய ஆற்றலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் பக்கத்தில் இருக்கும் மெத்தியோனின் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலத்தின் மேல் இறக்கிவிடும். மெத்தியோனின் உடைந்து மெத்தியோனல் ஆகும். அதிலிருந்து மெத்தில் மெர்காப்டன் வரும், அது இரண்டிரண்டாகச் சேர்ந்து டைமெத்தில் டைசல்ஃபைடு ஆகும். சமையல் கேஸ் கசிந்தால் தெரிய வேண்டும் என்று சிலிண்டரில் சேர்ப்பது எத்தில் மெர்காப்டன். உங்கள் பாட்டிலில் உண்டானது அதன் தம்பி. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும்.

இதற்குக் காற்று உள்ளே போக வேண்டியதில்லை, சூடும் வேண்டியதில்லை. அதனால்தான் மூடி நன்றாக இருந்தும், ஏசி ஓடியும் பயன் இல்லை. டியூப் லைட்டுக்குள் இருப்பது பாதரச ஆவி. அதன் ஒளியில் 365, 405, 436 என்று கூர்மையான கோடுகள் உண்டு. முதலாவதும் மூன்றாவதும் ரைபோஃப்ளேவின் வாய் திறந்து காத்திருக்கும் இடங்கள். ரோஸ் வைனின் நிறம் வாங்குபவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே அதை வெள்ளைப் பாட்டிலில் அடைக்கிறார்கள். பாட்டிலிலும் தடுப்பு இல்லை, வைனிலும் தடுப்பு குறைவு. இந்த நிலையில் கெடுவதற்கு மாதக்கணக்கு தேவையில்லை, சில நாட்கள் போதும். நேர் வெயில் என்றால் சில மணி நேரமே.

எந்த நிறப் பாட்டில் நல்லது? (மார்த்தாண்டம்)

காபி நிறப் பாட்டில்தான், சந்தேகமே வேண்டாம். இருமல் மருந்தை அதில் அடைப்பதும் இதற்காகவே. புற ஊதாவையும் நீலத்தின் பெரும்பகுதியையும் அது தடுத்துவிடும். பச்சை நடுத்தரம், அடர் பச்சை ஓரளவு காக்கும், இளம்பச்சையை நம்ப முடியாது. வெள்ளைக் கண்ணாடி 370-ஐயும் விடும், 445-ஐயும் விடும். ஜன்னல் கண்ணாடியும் அப்படியே. 'கண்ணாடி வழியாக வந்த வெயில்தானே' என்பது சமாதானம் ஆகாது.

பிரான்சின் லூயி ரோடரர் நிறுவனம் 1876-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டருக்காகத் தயாரித்த கிறிஸ்டல் ஷாம்பெயின் இன்றும் வெள்ளைப் பாட்டிலில்தான் வருகிறது. ஆனால் மஞ்சள் நிற செலோஃபேன் தாளைச் சுற்றித்தான் விற்கிறார்கள். அந்தத் தாளை அழகுக்கென்று நினைத்துக் கிழித்துவிட்டு அலமாரியில் வைப்பவர்கள் உண்டு.

சிவப்பு வைனுக்கும் இந்த ஆபத்து உண்டா? (தக்கலை)

குறைவு. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஒளியைத் தானும் வாங்கிக்கொள்ளும், ரைபோஃப்ளேவினின் வேகத்தையும் அடக்கும். நீண்ட நாள் வெளிச்சத்தில் இருந்தால் நிறம் மங்கும், பழ வாசனை தளரும். கோஸ் நாற்றம் அபூர்வம். வெள்ளை, ரோஸ், நுரைக்கும் வகைகள், இவைதான் முதலில் விழும்.

எங்கள் ஆலயத்தில் திருப்பலி ரசத்தை, அதாவது பூசைக்கான வைனை, திருப்பண்ட அறை அலமாரியில், வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்கு எதிரே வைக்கிறோம். சில பாட்டில்களில் ஒருவித வாடை. வண்ணக் கண்ணாடி வெளிச்சத்தைக் குறைக்கத்தானே செய்யும்? வாடை அடித்த ரசத்தைப் பயன்படுத்தலாமா? (கோயில்பிள்ளை ஒருவர், கோட்டார் பக்கம்)

கண்ணாடி என்ன நிறம் என்பதைப் பொறுத்தது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் கண்ணாடி நீல ஒளியை மறித்துவிடும், நல்லது. நீலக் கண்ணாடி கேடு செய்யும் ஒளியை மட்டும் பொறுக்கி உள்ளே அனுப்பும். அறை இருட்டாக, குளுமையாகத் தெரியும், ரசத்துக்குப் பாதுகாப்பு இராது. ஜன்னலை மாற்ற வேண்டியதில்லை. அலமாரிக் கதவு கண்ணாடியாக இருந்தால் உள்பக்கம் கெட்டியான பிரவுன் தாள் ஒட்டுங்கள். வந்த அட்டைப்பெட்டியிலிருந்து பாட்டிலை வெளியே எடுக்காமல், வேண்டியபோது ஒன்றாக எடுப்பது அதைவிட எளிது.

வெள்ளைக் கண்ணாடி ரசக்குப்பியில் மாலையே ஊற்றி வைத்துவிட்டு மறுநாள் காலைத் திருப்பலிக்கு எடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே வெளிச்சமும் காற்றும் சேர்ந்து வேலை செய்யும். திறந்த பாட்டிலில் பாதிக்குக் கீழே போனதும் மிச்சத்தைச் சிறிய காபி நிறப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள்.

பயன்படுத்தலாமா என்பது பங்குத்தந்தை சொல்ல வேண்டியது. 1983-இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 924-ஆம் சட்டம், ரசம் திராட்சையிலிருந்து வந்த இயற்கையானதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. வேதியியல் சொல்வது இவ்வளவு: வெளிச்சம் பட்ட ரசம் புளித்து வினிகர் ஆனதல்ல, உடலுக்குத் தீங்கும் இல்லை, வாடை மாறியிருக்கிறது. வினிகர் ஆவது வேறு கதை, அதற்குக் காற்றும் அசிட்டிக் அமிலப் பாக்டீரியாவும் வேண்டும்.

ஹோட்டல் பாரில் பாட்டில்களுக்குப் பின்னால் எல்.இ.டி. பட்டை போட்டிருக்கிறோம். எல்.இ.டி.யில் புற ஊதா இல்லை என்றார்கள். கூடவே கண்ணாடியில் யு.வி. ஃபிலிமும் ஒட்டினோம். இனி கவலை இல்லைதானே? (கன்னியாகுமரி)

பாதிக் கவலை தீர்ந்தது. எல்.இ.டி.யில் புற ஊதா மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் வெள்ளை எல்.இ.டி.யின் அடிப்படையே 450 நானோமீட்டர் பக்கம் இருக்கும் நீல ஒளி. அதன் மேல் பாஸ்பர் என்ற, மஞ்சளாக ஒளிரும் பொருளைப் பூசித்தான் வெள்ளையாக்குகிறார்கள். ரைபோஃப்ளேவினின் இரண்டாவது இடம் அங்கேதான். யு.வி. ஃபிலிம் 380, மிஞ்சினால் 400 வரை தடுக்கும். நீலம் தாராளமாகக் கடந்து போகும்.

பட்டையை 2700 கெல்வின் 'வார்ம் ஒயிட்' ஆக மாற்றுங்கள், நீலம் கணிசமாகக் குறையும். ஆம்பர் நிற எல்.இ.டி. போட்டால் இன்னும் நல்லது. பார்வைக்கும் பாருக்குப் பொருந்தும். கண்ணாடிக் கதவு கூலரில் நாள் முழுதும் எரியும் விளக்கையும் மறக்காதீர்கள், குளிர் இந்தக் கேட்டைத் தடுக்காது. முன்வரிசையில் சிவப்பு வைனையும் காலிப் பாட்டில்களையும் வைத்து, விற்கிற வெள்ளையையும் ரோஸையும் இருட்டில் வையுங்கள். காட்சிக்கு நின்ற பாட்டிலை விருந்தினருக்கு ஊற்ற வேண்டாம்.

நாற்றம் வந்த வைனைக் காப்பாற்ற முடியுமா? அது வெளிச்சத்தால்தான் என்று எப்படி உறுதி செய்வது? (திங்கள்நகர்)

காப்பாற்ற முடியாது. மெத்தில் மெர்காப்டன் 6 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள் என்பதால் கோப்பையில் சுழற்றினால் கொஞ்சம் பறந்துவிடும். டைசல்ஃபைடு கொதிப்பதோ 110 டிகிரி அளவில், அது உட்கார்ந்துகொள்ளும். செம்பைப் போட்டால் நாற்றம் போகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். செம்பு மெர்காப்டனைப் பிடிக்கும், டைசல்ஃபைடைத் தொடாது. முகர்ந்து பார்ப்பதற்கு மட்டும் செய்யலாம்: சுத்தமாகச் சுரண்டிய செம்புக் கம்பியை ஒரு கோப்பை வைனில் ஐந்து நிமிடம் போட்டுவையுங்கள். அழுகிய முட்டை வாடை முழுதும் மறைந்தால், அது நொதிக்கும்போது உண்டாகிப் பாட்டிலுக்குள் அடைபட்ட ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருக்கலாம். கோஸ் வாடை மிஞ்சினால் வெளிச்சத்தைச் சந்தேகியுங்கள். அந்தக் கோப்பையைக் கொட்டிவிடுங்கள், குடிக்க வேண்டாம்.

மற்ற கேடுகளைப் பிரிப்பது எளிது. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் கார்க்கின் கோளாறு. வெள்ளை வைன் பழுப்பாகி, வெட்டி வைத்த ஆப்பிள் போல மணந்தால் காற்று. பழ வாசனை போய் ஜாம் காய்ச்சிய மணம் வந்து, கார்க் வெளியே துருத்தியிருந்தால் சூடு. ஈரத்தோடு மடித்து வைத்த கம்பளி, கோஸ் தண்ணீர் என்றால் வெளிச்சம்.

மூக்கைப் பழக்க ஒரு சோதனை செய்யலாம். விலை குறைந்த வெள்ளை வைனை 100 மில்லி வெள்ளைக் கண்ணாடிப் பாட்டில் இரண்டில் வாய்வரை நிரப்பி இறுக மூடுங்கள். ஒன்றுக்கு மட்டும் அலுமினியத் தாளை இரண்டு சுற்று. சூடு இரண்டுக்கும் சமமாக இருக்க, இரண்டையும் ஒரே கண்ணாடிக் கிண்ணத் தண்ணீரில் நிறுத்தி, காலை வெயிலில் மூன்று மணி நேரம் வையுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் தாள் சுற்றாத பாட்டில் கூடுதலாகச் சுடும், பிறகு எது எதனால் என்று தெரியாது. ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஒரே மாதிரி இரண்டு கோப்பைகளில் வேறொருவரை ஊற்றித் தரச் சொல்லுங்கள். தட்டால் மூடிச் சுழற்றி முகருங்கள். ஒருமுறை பிடிபட்டால் அந்த வாடை மறக்காது.

பீர், பால், தேனுக்கும் இப்படி ஆகுமா? (கருங்கல்)

பீருக்கு ஆகும், ஆனால் வழி வேறு: பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருளை ரைபோஃப்ளேவின் ஒளியின் துணையோடு உடைக்கும். பாலில் நடப்பது வைனில் நடப்பதே. வெளிச்சத்தில் வைத்த கண்ணாடிப் பாட்டில் பாலில் பி2-வும் குறையும். தேனில் இந்த நாற்றம் வராது. ஆனால் கிருமியைத் தடுக்கும் அதன் நொதியை வெளிச்சம் பலவீனமாக்கும், ஆகவே தேனையும் வெயிலில் அடுக்கி விற்பவரிடம் வாங்காதீர்கள்.

வீட்டில் எங்கே வைப்பது? (ஆரல்வாய்மொழி)

கான்கிரீட் வீட்டுப் பரணில் வேண்டாம். இருட்டுதான், ஆனால் மொட்டைமாடிச் சூடு முழுதும் அங்கே இறங்கும். வெளிச்சத்துக்குத் தப்பி சூட்டில் மாட்டும். பழைய வீடாக இருந்து ஜன்னல் இல்லாத அரங்கு (உள்ளறை) இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. இல்லையென்றால் கீழ்த்தள அறையில், மேற்குச் சுவரை ஒட்டாத அலமாரியின் அடித்தட்டு. கார்க் போட்டதைப் படுக்க வையுங்கள், திருகுமூடியை நிறுத்தலாம். ஒவ்வொரு பாட்டிலையும் பிரவுன் தாளில் சுற்றி, வாங்கிய தேதியைத் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள். லேபிள் பார்க்கிறேன் என்று அடிக்கடி பிரிக்க வேண்டியிராது. நம் ஊர்ச் சூட்டில் வெள்ளையையும் ரோஸையும் ஒரு வருடத்துக்கு மேல் சேர்த்து வைப்பதில் லாபம் இல்லை.